180 நாள் காத்திருக்க முடியாத நாடுகள்

2022 ஜூன் மாதம், மாட்ரிட்டில் நேட்டோ உச்சி மாநாடு கூடுவதற்குச் சில நாள் முன்பு, எஸ்தோனியாவின் அன்றைய பிரதமர் காயா கல்லாஸ் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். ரஷ்யா தாக்கினால், அப்போது கையில் இருந்த நேட்டோ திட்டத்தின்படி பால்டிக் நாடுகள் (எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா) முதலில் பறிபோகும், 180 நாள் கழித்துத்தான் மீட்கப்படும் என்றார். மீட்க வருகிறவர்கள் வந்து பார்க்கும்போது அங்கே நாடு என்று எதுவும் மிஞ்சியிருக்காது என்பது அவர் வாதம்.

180 நாள் என்பது வரைபடத்தின் முன் நிற்கும் அதிகாரிக்கு ஒரு எண். அந்த நாட்களை அங்கே மனிதர்கள் ஆக்கிரமிப்பின் கீழ் ஒவ்வொன்றாக வாழ்ந்து கழிக்க வேண்டும். கல்லாஸ் பேசியதற்குச் சுமார் மூன்று மாதம் முன்புதான் கீவ் நகரை ஒட்டிய புச்சாவிலிருந்து ரஷ்யப் படை விலகியிருந்தது. அங்கே ஆக்கிரமிப்பு நீடித்தது ஏறக்குறைய ஒரு மாதம். கண்டெடுத்த உடல்கள் 400க்கும் மேல். அந்த ஒரு மாதத்தை ஆறால் பெருக்கிப் பார்த்தால், பால்டிக் தலைநகரங்களான தாலினிலும் ரீகாவிலும் ஏன் யாருக்கும் தூக்கம் வரவில்லை என்று புரியும்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? பகை நாடு பக்கத்திலேயே இருக்கும் ஒரு சிறிய நாட்டில் கூட்டாளிகள் தங்கள் படையை எப்படி நிறுத்த வேண்டும்? நேட்டோவின் கிழக்கு விளிம்பில் இதற்கு நான்கு விதமான பதில்கள் நடைமுறையில் இருக்கின்றன, அல்லது இருந்திருக்கின்றன. அடையாளத்துக்கு ஒரு சிறு படை. தூரத்தில் ஒரு பெரிய படையைத் தயாராக வைத்து, தேவைப்படும்போது அனுப்புவது. எல்லையருகே நிரந்தரமாக ஒரு படைப்பிரிவை (பிரிகேட், சுமார் ஐயாயிரம் பேர்) குடியமர்த்துவது. அப்புறம், வெளிநாட்டுப் படையே வேண்டாம் என்று தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டு, விதிகளை நம்புவது.

இவற்றைச் செலவு, வீரர் எண்ணிக்கை, டாங்கி எண்ணிக்கை என்று பல விதமாக ஒப்பிடுகிறார்கள். நான் இரண்டு கடிகாரங்களை வைத்துப் பார்க்கிறேன். முதல் கடிகாரம், எதிரி எல்லையைத் தாண்டிய பிறகு அவனைத் தடுத்து நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும் என்று காட்டுகிறது. இரண்டாவது கடிகாரம், ஏதோ ஒரு ராடார் தவறாகக் காட்டினாலோ ஒரு விமானம் வழி தவறினாலோ, இரு தரப்புத் தலைவர்களும் பதறாமல் யோசிக்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று காட்டுகிறது. முதல் நேரம் குறைய வேண்டும். இரண்டாவது நேரம் குறையக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எடுத்த முடிவுகள்தான் பெரும்பாலும் ஆபத்தில் கொண்டுபோய் விட்டிருக்கின்றன.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம்

எஸ்தோனியாவின் பரப்பு சுமார் 45,000 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை சுமார் 13 லட்சம். கிழக்கே நார்வா நகரம். ஆற்றுக்கு அந்தக் கரையில் ரஷ்யாவின் இவாங்கொரோட். நார்வாவிலிருந்து தலைநகர் தாலினுக்குச் சாலை வழியே 210 கிலோமீட்டர் போல வரும். பின்வாங்கி, மூச்சு வாங்கி, மறுபடி அணிவகுக்க அந்த நாட்டில் இடமே இல்லை. உக்ரைனின் பரப்பு ஆறு லட்சம் சதுர கிலோமீட்டர். கீவ் தப்பியதற்கு அந்த அகலமும் ஒரு காரணம்.

தரைவழியாக உதவி வர வேண்டுமானால் போலந்து, லிதுவேனியா எல்லை வழியாகத்தான் வர வேண்டும். அந்த எல்லைக்கு ஒரு பக்கம், ரஷ்யாவிலிருந்து பிரிந்து தனியாகக் கிடக்கும் அதன் கலினின்கிராட் பகுதி, மறுபக்கம் ரஷ்யாவின் கூட்டாளியான பெலாரூஸ். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் 65 கிலோமீட்டர்தான். சுவாவ்கி இடைவெளி என்று சொல்வது இதைத்தான். அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. ஐரோப்பாவின் தண்டவாளம் 1,435 மில்லிமீட்டர் அகலம், பால்டிக் நாடுகளில் இருப்பது ரஷ்யப் பேரரசு காலத்து 1,520 மில்லிமீட்டர். ஜெர்மனியில் ரயிலேற்றிய டாங்கி அதே ரயிலில் ரீகா வரை போக முடியாது. நடுவில் இறக்கி ஏற்ற வேண்டும். இதைச் சரிசெய்யத்தான் ரயில் பால்டிகா என்ற புதிய பாதையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது முடியும்வரை 85 மில்லிமீட்டர் வித்தியாசம் ஒரு கோட்டைச் சுவர் மாதிரிதான்.

இடறுகம்பி

முதல் வழிக்கு ஒரு பழைய கதை உண்டு. முதல் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்பு, பிரிட்டிஷ் அதிகாரி ஹென்றி வில்சன், பிரெஞ்சுத் தளபதி ஃபொஷிடம், உங்களுக்கு உதவக் குறைந்தபட்சம் எத்தனை பிரிட்டிஷ் வீரர்கள் தேவை என்று கேட்டாராம். ஒரே ஒருவர் போதும், அவர் செத்துப்போகும்படி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாராம் ஃபொஷ். கேட்கவே குரூரமாக இருந்தாலும் இதுதான் அடையாளப் படையின் முழுத் தத்துவம். அந்தப் படை போரை வெல்ல வந்ததில்லை. அதன்மேல் கை வைத்தால் பின்னால் ஒரு பெரிய நாடு எழுந்துவிடும் என்பதற்குப் பிணையாக நிற்கிறது. இருட்டில் காலை இடறி மணியடிக்க வைக்கும் கம்பி போல.

2016 வார்சா மாநாட்டில் நேட்டோ எடுத்த முடிவு இதுதான். 2014இல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்ட பிறகு எதையாவது செய்தாக வேண்டியிருந்தது. 2017இல் நான்கு பட்டாலியன் அளவிலான போர்க்குழுக்கள் வந்து இறங்கின. எஸ்தோனியாவின் தாபாவில் பிரிட்டன் தலைமையில், லாத்வியாவின் ஆதாழியில் கனடா தலைமையில், லிதுவேனியாவின் ருக்லாவில் ஜெர்மனி தலைமையில், போலந்தின் ஓஜிஷில் அமெரிக்கா தலைமையில். ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர், கொஞ்சம் முன்னே பின்னே.

இதன் நல்ல பக்கம் உண்மையிலேயே நல்லதுதான். செலவு குறைவு. தாபாவில் இருக்கும் ஆயிரம் பேர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மீது படையெடுக்க முடியாது என்று மாஸ்கோவில் கணக்குத் தெரிந்த எந்த அதிகாரிக்கும் தெரியும். ஆகவே இரண்டாவது கடிகாரத்தை இது தொடுவதே இல்லை.

பிரச்சினை முதல் கடிகாரத்தில். அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2014, 2015இல் பல முறை மேசைப் போர் (வரைபடத்தின்மேல் ஆடிப் பார்க்கும் போர்) நடத்திப் பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டது. அன்றிருந்த பலத்தோடு மோதினால், ரஷ்யப் படை தாலின் அல்லது ரீகாவின் வாசலுக்கு வர அதிகபட்சம் 60 மணி நேரம். சில ஆட்டங்களில் 36 மணி நேரம். அதைத் தடுக்க ஏழு படைப்பிரிவுகளாவது வேண்டும், அதில் மூன்று கனரகக் கவசப் படையாக இருக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. நான்கு பட்டாலியன்கள் அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

மேற்கு பெர்லினில் இதே முறை நாற்பது ஆண்டு வேலை செய்ததே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கிழக்கு ஜெர்மனியின் நடுவே, நாலு பக்கமும் சோவியத் படை சூழ்ந்த நகரத்தில், அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்கள் எல்லோரும் சேர்ந்து சுமார் 12,000 பேர். சண்டை வந்திருந்தால் அவர்கள் சில நாள்கூடத் தாங்கியிருக்க மாட்டார்கள். இருந்தும் யாரும் தொடவில்லை. காரணம், அதே காலத்தில் மேற்கு ஜெர்மனியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். கம்பி இடறினால் மணி அடிக்கும், மணியோசை கேட்டு ஓடிவரப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள். 2017இல் கம்பியை மட்டும் கட்டினோம், பக்கத்து வீடு ஏறக்குறைய காலியாக இருந்தது. ஐரோப்பாவில் இருந்த தன் கடைசி 22 ஏப்ரம்ஸ் டாங்கிகளை 2013இல்தான் அமெரிக்கா கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியிருந்தது. கிரிமியா அடுத்த ஆண்டு போனது.

தூரத்துப் படை

இரண்டாவது வழியில் படை சொந்த ஊரிலேயே இருக்கும். ஆயுதமும் வாகனமும் மட்டும் முன்கூட்டியே எல்லைப் பக்கம் போய்க் காத்திருக்கும். நெருக்கடி வந்தால் ஆட்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கி, கிடங்கைத் திறந்து, சாவியைக் கொடுத்து அனுப்பலாம். பனிப்போர்க் காலத்தில் ரிஃபோர்ஜர் என்ற பெயரில் 1969 முதல் 1993 வரை இதை ஒத்திகை பார்த்தார்கள். பத்து நாளில் பத்து டிவிஷன்களை (பல படைப்பிரிவுகள் சேர்ந்தது ஒரு டிவிஷன்) ஐரோப்பாவில் நிறுத்துவது இலக்கு. 1988இல் நடந்த ஒத்திகையில் சுமார் 1,25,000 பேர் கலந்துகொண்டார்கள். நார்வேயில் டிரோன்டெலாக் பகுதிக் குகைகளுக்குள் அமெரிக்க மரைன் படைக்கான தளவாடங்கள் இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

பிரிட்டன் இன்று எஸ்தோனியாவுக்குச் சொல்லும் பதில் பெரும்பாலும் இதுதான். தாபாவில் ஒரு போர்க்குழு இருக்கும், மீதிப் படைப்பிரிவு பிரிட்டனிலேயே உயர் தயார் நிலையில் இருக்கும், நெருக்கடி முற்றினால் வந்துசேரும். பிரிட்டன் பக்கம் நின்று பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஒரே படையை எஸ்தோனியாவுக்கும் அனுப்பலாம், நார்வேக்கும் அனுப்பலாம். ஓரிடத்தில் கட்டிப்போட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். ராணுவம் சுருங்கிவிட்ட நாட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

இந்த முறை நடைமுறையில் வேலை செய்யவும் செய்கிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், ஜார்ஜியா மாநிலத்து ஃபோர்ட் ஸ்டூவர்ட்டிலிருந்து ஒரு கவசப் படைப்பிரிவின் வீரர்கள் ஜெர்மனிக்குப் பறந்தார்கள். அங்கே கிடங்கில் தயாராக இருந்த டாங்கிகளை எடுத்துக்கொண்டார்கள். கப்பலில் கொண்டுவந்திருந்தால் ஆகியிருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது மின்னல் வேகம்.

ஆனால் இங்கே முதல் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று கவனிக்க வேண்டும். விமானம் கிளம்பும்போது தொடங்குவதில்லை. ஆபத்து உண்மைதான் என்று அமைச்சரவை நம்பும்போதுதான் தொடங்குகிறது. 2021 இலையுதிர் காலத்திலிருந்தே உக்ரைன் எல்லையில் படை குவிவதை அமெரிக்காவும் பிரிட்டனும் சொல்லிக்கொண்டே இருந்தன. ஐரோப்பிய தலைநகரங்கள் பல நம்பவில்லை. ஜெர்மன் வெளிநாட்டு உளவுத்துறையின் தலைவர் 2022 பிப்ரவரி 24 அன்று, படையெடுப்பு நடந்த அதே நாளில், கீவில்தான் இருந்தார். அவரைத் தரைவழியாக வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. எச்சரிக்கை மாதக் கணக்கில் கிடைத்தும், உளவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இப்படி இருந்தார்கள் என்றால், பத்து நாள் எச்சரிக்கையை வைத்து ஒரு பாராளுமன்றம் படையை அனுப்பிவிடும் என்று எதை வைத்து நம்புவது?

இன்னொன்றும் இருக்கிறது. நெருக்கடியின் உச்சத்தில் படையை அனுப்புவதே ஒரு தூண்டுதலாகத் தெரியும். அமைதிக் காலத்தில் ஐயாயிரம் பேர் முகாமில் இருந்தால் அது செய்தியே ஆகாது. இரு தரப்பும் விரலை விசையில் வைத்திருக்கும் வாரத்தில் அதே ஐயாயிரம் பேர் விமானமேறினால், எதிரி அதைப் படையெடுப்பின் முதல் அடியாக வாசிக்கலாம். அதனால் கடைசி நேரத்தில் தலைவர்கள் தயங்குவார்கள், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போல ஆகிவிடுமே என்று. சாதுவான வழி என்று பெயர் வாங்கிய இது, இரண்டாவது கடிகாரத்தை மிக மோசமான நேரத்தில் தொடுகிறது.

1950 கொரியாவை நினைத்துக்கொள்வது நல்லது. 1949 நடுவில் அமெரிக்கா தன் படையைத் தென் கொரியாவிலிருந்து விலக்கிக்கொண்டு சுமார் 500 ஆலோசகர்களை மட்டும் விட்டுவைத்தது. அடுத்த ஆண்டு ஜூன் 25 அன்று வட கொரியா எல்லையைத் தாண்டியது. ஜப்பானிலிருந்து அவசரமாகப் பறந்துவந்த முதல் அமெரிக்கக் குழு ஜூலை 5 அன்று ஓசானில் டாங்கிகளை எதிர்கொண்டது. சுமார் 540 பேர். சில மணி நேரம் தாங்கினார்கள், சிதறினார்கள். அந்தப் போர் மூன்று ஆண்டு நடந்தது. இன்று அதே நாட்டில் சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள் இருக்கிறார்கள். 1953க்குப் பிறகு அங்கே கொலைகளும் மோதல்களும் நடந்தன, இன்னொரு முழுப் போர் நடக்கவில்லை.

குடியேறும் படைப்பிரிவு

இனி லிதுவேனியா. 2023 ஜூனில் ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சர் போரிஸ் பிஸ்டோரியுஸ் தலைநகர் வில்னியுஸில் நின்று, நிரந்தரமாக ஒரு படைப்பிரிவை இங்கே வைக்கத் தயார் என்றார். 45ஆவது கவசப் படைப்பிரிவு. சுமார் 4,800 வீரர்கள், 200 சிவில் ஊழியர்கள். 2025 ஏப்ரல் 1 அன்று முறையாக அமைக்கப்பட்டது. மே 22 அன்று வில்னியுஸ் பேராலயச் சதுக்கத்தில் சான்ஸலர் மெர்ஸ் முன்னிலையில் அணிவகுத்தது. 2027க்குள் முழு பலத்தை எட்ட வேண்டும். வீரர்கள் குடும்பத்தோடு வரலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி ஒரு முழுப் படைப்பிரிவை வெளிநாட்டில் நிரந்தரமாக வைப்பது இதுதான் முதல் முறை.

அந்தப் படைக்கான முக்கியத் தளம் ரூத்னின்காய். பெலாரூஸ் எல்லைக்குப் பக்கம். அந்தக் காட்டின் பெயரைப் படித்ததும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1943இல் வில்னியுஸ் யூதச் சேரியிலிருந்து தப்பிய இளைஞர்கள், ஆபா கோவ்னர் என்ற போராளியும் அவர் தோழர்களும், ஜெர்மானியருக்கு எதிராக ஒளிந்து போராடிய காடு அது. இன்று அதே காட்டுக்கு லிதுவேனியா ஜெர்மன் டாங்கிகளை விரும்பி அழைக்கிறது. பால்டிக் மக்களின் பயம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. ரஷ்யர்களின் நினைவையும் நான் ஒதுக்க மாட்டேன். சோவியத் நாடு அந்தப் போரில் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேரை இழந்தது. லெனின்கிராட் முற்றுகை 872 நாள் நீடித்தது. கிழக்கு நோக்கி நிற்கும் ஜெர்மன் டாங்கி என்றாலே அங்கே ஒரு தலைமுறைக்கு வயிறு கலங்கும். கிரெம்ளின் அந்த நினைவைத் தன் வசதிக்குப் பயன்படுத்துகிறது என்பது உண்மை. நினைவு பொய்யில்லை என்பதும் உண்மை.

முதல் கடிகாரத்தில் இந்த வழி மற்ற எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. படை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அனுப்பலாமா என்று யாரும் கூடிப் பேச வேண்டியதில்லை. எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும், எந்தச் சதுப்பு எந்த மாதம் உறையும் என்று வீரர்களுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றும் சுழற்சி முறையில் இந்த அறிவு ஒவ்வொரு தடவையும் பாதியில் போய்விடும். சுழற்சியில் இன்னொரு மறைந்த செலவும் உண்டு. ஒரு படை முன்னணியில் நிற்க, ஒன்று அங்கே போகப் பயிற்சி எடுக்கும், இன்னொன்று திரும்பி வந்து ஓய்வில் இருக்கும். ஒன்றைக் காட்ட மூன்றைக் கட்டிப்போட வேண்டும்.

பின்னே ஏன் இத்தனை ஆண்டு சுழற்சி முறையைப் பிடித்துத் தொங்கினார்கள்? 1997 மே 27 அன்று பாரிஸில் நேட்டோவும் ரஷ்யாவும் கையெழுத்திட்ட அடிப்படை ஒப்பந்தம்தான் காரணம். அன்றைய பாதுகாப்புச் சூழலிலும் கணிக்கக்கூடிய வருங்காலச் சூழலிலும், 'கணிசமான' போர்ப்படைகளைக் கூடுதலாக நிரந்தரமாக நிறுத்தாமலே தன் கடமையைச் செய்வதாக நேட்டோ அதில் சொன்னது. எத்தனை பேர் என்றால் 'கணிசமானது' என்று அந்த ஆவணத்தில் எங்கும் இல்லை. உக்ரைனுக்குள் முழுப் படையெடுப்பு நடந்த பிறகு, அன்றைய சூழல் இன்னும் நீடிக்கிறது என்று வாதிட யாருக்கும் வழியில்லை. அந்த வாக்கியத்துக்காக ஒரு நாட்டின் பாதுகாப்பைப் பிடித்து நிறுத்துவது நேர்மையான வாதம் என்று நான் நினைக்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் போய் ஆண்டுக்கணக்கில் இருக்க ஜெர்மன் வீரர்களைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இல்லை. வீடு, பள்ளி, மருத்துவமனை, பயிற்சித்தளம் என்று லிதுவேனியாவுக்குச் செலவு மலைபோல் நிற்கிறது. ஒரே இடத்தில் குவிந்த படை ஏவுகணைக்குச் சுலபமான குறி. அப்புறம் 'நிரந்தரம்' என்ற சொல் எவ்வளவு நிரந்தரம் என்பதும் அரசியலைப் பொறுத்தது. 2025 அக்டோபரில் அமெரிக்கா ருமேனியாவில் இருந்த தன் சுழற்சிப் படையின் ஒரு பகுதிக்கு மாற்றாள் அனுப்பப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. சுழற்சியில் இருப்பதை விலக்குவது இவ்வளவு எளிது, அடுத்த அணியை அனுப்பாமல் விட்டாலே போதும். குடும்பத்தோடு குடியேறிய படையை அப்படி ஓசையில்லாமல் விலக்க முடியாது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

லாத்வியாவில் இருப்பது ஒரு நடுவழி. கனடா தலைமையில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து ஒரு படைப்பிரிவைக் கட்டுகின்றன. கனடாவின் பங்கு 2,200 பேர் வரை. தாக்கினால் ஒரே நேரத்தில் இத்தனை நாட்டையும் தொட்டதாக ஆகும் என்பது பலம். இத்தனை விதமான குண்டு, இத்தனை விதமான ரேடியோ, இத்தனை மொழி என்பது பலவீனம்.

விதிகளை நம்பும் வழி

நான்காவது வழியைக் கோழைத்தனம் என்று தள்ளுகிறவர்கள் நார்வேயின் கதையைப் படிக்க வேண்டும். 1949இல் நேட்டோவில் சேரும் முன்பே, தன்மேல் தாக்குதலோ தாக்குதல் அச்சுறுத்தலோ இல்லாதவரை வெளிநாட்டுப் படைத்தளத்துக்கு இடம் தரமாட்டேன் என்று நார்வே சோவியத் யூனியனுக்கு எழுதிக் கொடுத்தது. பிற்பாடு, நேட்டோ விமானங்கள் 24 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைத் தாண்டிப் பறக்கக் கூடாது என்றும் தானே ஒரு கோடு போட்டுக்கொண்டது. சோவியத் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்த நாடு அது. பனிப்போர் முழுவதும் அந்த எல்லையில் போர் வரவில்லை. குகைக்குள் தளவாடம், எல்லையில் அடக்கம் என்று இரண்டையும் சேர்த்துத்தான் நார்வே பிழைத்தது.

விதிகள் ஏன் தேவை என்று காட்ட 1962இன் கியூபா ஏவுகணை நெருக்கடி போதும். துருக்கியில் 15 அமெரிக்க ஜூபிட்டர் ஏவுகணைகள் இருந்தன, இத்தாலியில் 30. தரைமேல் வெட்டவெளியில் நின்ற, திரவ எரிபொருள் நிரப்ப வேண்டிய ஆயுதங்கள். முதல் அடியிலேயே அழிந்துவிடும் என்பதால், தானே முதலில் அடித்தால்தான் அவற்றுக்குப் பயன். இத்தகைய ஆயுதம் எல்லையில் இருந்தால் எதிரிக்கு யோசிக்க நேரமே இருக்காது. கியூபா நெருக்கடி தீர்ந்தபின் 1963இல் சத்தமில்லாமல் அவற்றை அகற்றினார்கள். 1983 நவம்பரில் நடந்த நேட்டோவின் ஏபிள் ஆர்ச்சர் ஒத்திகையைச் சோவியத் தரப்பில் சிலர் உண்மையான அணு ஆயுதத் தாக்குதலுக்கான முகமூடி என்று சந்தேகித்தார்கள்.

இந்தப் பயங்களிலிருந்து பிறந்தவைதான் வியன்னா ஆவணம் போன்ற ஏற்பாடுகள். 9,000 பேருக்கு மேல் கலந்துகொள்ளும் ஒத்திகையை 42 நாள் முன்பே அறிவிக்க வேண்டும், 13,000ஐத் தாண்டினால் பார்வையாளர்களை அழைக்க வேண்டும். இரண்டாவது கடிகாரத்துக்கு இவைதான் காவல்.

அப்படியானால் படையே வேண்டாம், விதி போதும் என்று சொல்லிவிடலாமா? 2021 டிசம்பரில் ரஷ்யா முன்வைத்த வரைவில் ஏறக்குறைய அதைத்தான் கேட்டது. 1997 மே 27க்குப் பிறகு கூட்டாளிகள் கிழக்கே நிறுத்திய படைகள் எல்லாம் திரும்ப வேண்டும் என்றது. அதைக் கேட்ட அதே வாரங்களில் உக்ரைனைச் சுற்றிப் படை குவிந்துகொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் பெலாரூஸில் கூட்டு ஒத்திகை என்று சொல்லி ரஷ்யப் படை வந்தது. பிப்ரவரி 20 அன்று முடிய வேண்டிய ஒத்திகை முடியவில்லை. நான்கு நாள் கழித்து அதே படை அங்கிருந்து கீவை நோக்கி இறங்கியது. உக்ரைனில் அன்று நேட்டோ போர்ப்படை எதுவும் இல்லை. கையில் இருந்தது, உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யாவும் கையெழுத்திட்ட 1994இன் புடாபெஸ்ட் உறுதிமொழி என்ற காகிதம். அடக்கம் காட்டினால் அமைதி கிடைக்கும் என்பது, எதிரில் இருப்பவர் ஒத்திகையை ஒத்திகையாகவே நடத்தும் காலத்துக்குச் சரி. நார்வேக்கு வாய்த்த காலம் அது. எஸ்தோனியாவுக்கு வாய்க்கவில்லை.

எதை நிறுத்துகிறோம் என்பது

பழைய புறத்திணை மரபில் மதிலைக் காப்பவன் நொச்சிப் பூச் சூடுவான், மதிலை வளைப்பவன் உழிஞை சூடுவான். பூவைப் பார்த்தாலே யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியும். டாங்கிக்கு அப்படி ஒரு பூ இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குக் காக்க வந்த படையும் வளைக்க வந்த படையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனாலும் ஆயுதத்தின் வகையைப் பார்த்து ஓரளவு ஊகிக்க முடியும். டாங்கி எதிர்ப்பு ஏவுகணை, கண்ணிவெடி, பதுங்குகுழி, குறுகிய தூர வான்காப்பு இவற்றால் யாரும் இன்னொரு தலைநகரைப் பிடிக்க முடியாது. ஐயாயிரம் பேர் கொண்ட படைப்பிரிவும் அப்படித்தான். அது படையெடுப்பை மெதுவாக்கும், தானே படையெடுக்க முடியாது. மாஸ்கோவை ஐந்து பத்து நிமிடத்தில் எட்டும் ஏவுகணை வேறு கதை. அது யோசிக்கும் நேரத்தைத் தின்றுவிடும்.

ருமேனியாவின் தெவெசெலுவிலும் போலந்தின் ரெஜிகோவோவிலும் இருக்கும் ஏவுகணை எதிர்ப்புத் தளங்கள் பற்றி ரஷ்யா திரும்பத் திரும்பக் கிளப்பும் புகார் இதைச் சார்ந்ததுதான். அதே ஏவுகலங்களில் தாக்கும் ஏவுகணையையும் வைக்கலாமே என்கிறது. அப்படி வைக்கவில்லை என்கிறது நேட்டோ. நேட்டோ சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நம்ப வேண்டியவர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், அவருக்கு உள்ளே பார்க்க வழி இல்லை. அதே அளவுகோலைக் கலினின்கிராடில் இருக்கும் இஸ்கந்தர் ஏவுகணைகளுக்கும், 2023இல் பெலாரூஸுக்கு அணு ஆயுதங்களைக் கொண்டுபோவதாக ரஷ்யா அறிவித்ததற்கும் வைத்துப் பார்த்தால், அவையும் ஜூபிட்டரின் வாரிசுகள்தான்.

யாருக்கு எது

எல்லா நாட்டுக்கும் ஒரே மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். பின்லாந்தைப் பாருங்கள். ரஷ்யாவுடன் சுமார் 1,340 கிலோமீட்டர் எல்லை. 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தது. போர்க்காலத்தில் 2,80,000 பேரைக் களமிறக்க முடியும், பின்னால் சுமார் 8,70,000 ரிசர்வ் வீரர்கள். காடும் ஏரியும் அவர்கள் பக்கம் நின்று போரிடும். அவர்களுக்கு வெளிநாட்டுப் படைப்பிரிவு நிரந்தரமாகத் தேவையில்லை. தளவாடக் கிடங்கு, இறங்க ஓடுதளம், சேர்ந்து செயல்பட ஒரு தலைமையகம் போதும். போலந்துக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. பெரிய நாடு, வளர்ந்துவரும் ராணுவம், ஜெர்மனியோடு நேரடித் தண்டவாளம். இரண்டாவது வழி இவர்களுக்குப் பொருந்தும்.

மூன்று பால்டிக் நாடுகளுக்கும் பொருந்தாது. பின்வாங்க இடமில்லை, மக்கள்தொகை இல்லை, தண்டவாளமும் ஒத்துழைக்கவில்லை. அங்கே மூன்றாவது வழிதான் சரி என்பது என் தீர்மானம், லிதுவேனியா செய்தது போல.

எஸ்தோனியா இப்போது முதல் வழிக்கும் இரண்டாவது வழிக்கும் நடுவே நிற்கிறது. அது கேட்க வேண்டியது என்னவென்று யோசித்தேன். பிரிட்டன் தன் முழுப் படைப்பிரிவையும் கொண்டுவந்து குடியமர்த்தும் நிலையில் இன்று இல்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் பேச வேண்டும். அப்படியானால் அந்தப் படைப்பிரிவின் கனரக வாகனங்களையும் குண்டுகளையும் தாபாவில் வைக்கச் சொல்ல வேண்டும், வீரர்கள் கைப்பையோடு வந்து இறங்கினால் போதும் என்ற அளவுக்கு. அவர்களை அழைக்கும் முடிவை முழு நெருக்கடி வரும்வரை தள்ளிப்போடாமல், ஆபத்தின் முதல் அறிகுறியிலேயே, வழக்கமான ஒத்திகை என்ற பெயரில் எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்கி வைக்க வேண்டும். அடிக்கடி வந்து பழகிய படை இன்னொரு முறை வருவது யாரையும் பதறவைக்காது. எஸ்தோனிய மண்ணில் மாஸ்கோவை எட்டும் ஏவுகணைக்கு இடமில்லை என்று தாலின் தானாகவே அறிவிக்கலாம். அதனால் பாதுகாப்பில் எதுவும் குறையாது.

ஒத்திகைகளை ரஷ்யா முறையாக அறிவிக்கிறதோ இல்லையோ, தாபாவில் நடப்பதை 42 நாள் முன்பே அறிவிக்கும் வழக்கத்தை விட்டுவிடக் கூடாது. ரஷ்யப் பார்வையாளர்களுக்கு அழைப்பும் போக வேண்டும். வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். வந்துபோகும் படைப்பிரிவில் ஐயாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றும், அந்த ஐயாயிரம் பேரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்றும் அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிவது எஸ்தோனியாவுக்கு நல்லதுதான்.